வண்டி செய்யும் ஊரில் உயிருக்குக் காவல் எங்கே?



வடசென்னை என்றதும் புகையும் புழுதியும் நினைவுக்கு வருவோர் பலர். நமக்கோ உழைப்பு நினைவுக்கு வருகிறது. 1948-இல் தோன்றி, 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் பெற்ற நிறுவனம் எண்ணூரில் லாரி செய்தது. இந்தியாவின் மூலை முடுக்கெல்லாம் அந்த லாரி ஓடிற்று. அதே 1950-களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் உருவாயிற்று. பனிமலை எல்லையிலே காவல் புரியும் படைவீரனுக்கும் அது துணை நின்றது. 1946-இல் அதே திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., பின்னாளில் டயர் செய்யும் பெருந்தொழிலாக வளர்ந்தது. 1969-இல் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கிற்று.

வண்டி இங்கே! சக்கரம் இங்கே! அதை ஓட்டும் எண்ணெயும் இங்கே! நாட்டுக்கே ஓட்டம் தந்த ஊர் இது. அந்த ஊரின் மக்கள், தம் வீட்டு வாயிலிலிருந்து நூறடி நடந்து சாலையைக் கடக்க அஞ்சுகிறார்களே, இது முறையா? லாரி செய்த கைகள் லாரிச் சக்கரத்தின் கீழே நசுங்குவதுதான் உழைப்புக்குக் கிடைக்கும் பரிசா? இந்த ஞாயிறு இக்கேள்வியை உங்கள் முன் வைக்கிறோம்.

விடியற்காலையில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையில் ஒருமுறை சென்று பாருங்கள். மீன் கூடையுடன் விரைகிறாள் ஒரு தாய். முறைவேலைக்குச் சைக்கிளில் போகிறார் ஒரு தொழிலாளி. தந்தையின் ஸ்கூட்டரில், முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக, பள்ளிக்குச் செல்கின்றன இரு குழந்தைகள். அவர்களுக்குப் பக்கத்திலே, தோளை உரசும் தூரத்திலே, நாற்பதடி நீளக் கன்டெய்னரைச் சுமந்து உருண்டு வருகிறது டிரைலர் லாரி. ஒரு பக்கம் அறுபது எழுபது கிலோ எடையுள்ள மனித உடல். மறுபக்கம் முப்பது டன்னையும் தாண்டும் இரும்பு. இந்த இரண்டுக்கும் ஒரே சாலை! இதிலே தவறு செய்வது யாராக இருந்தாலும், சாவது மட்டும் எப்போதும் அந்த மெலிந்த உடலேயன்றோ?

கணக்கைக் கேளுங்கள். மத்திய அரசு வெளியிட்ட விவரப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். நாளொன்றுக்கு 460 பேருக்கும் மேல். தமிழ்நாட்டில் அவ்வாண்டு நடந்த சாலை விபத்துகள் 64,105. எண்ணிக்கையில் இந்திய மாநிலங்களிலேயே நாம்தான் முதலிடம்! மாண்டவர் 17,884 பேர். நாளுக்கு ஏறத்தாழ 49 பேர். கல்வியிலே முதலிடம், தொழிலிலே முதலிடம் என்று மார்தட்டுகிறோம், தட்டலாம். இந்த முதலிடத்தைச் சொல்லும்போது தலை குனிய வேண்டாமா?

நாளைக்கு 49 பேர் ஏதேனும் ஒரு தொற்று நோயால் மடிந்தால் நாடு கொதித்தெழும், சட்டமன்றம் அதிரும். சாலையிலே மடிந்தால் மட்டும், “விதி, யார் என்ன செய்வது?” என்று பெருமூச்சு விட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம்.

விதி! தமிழிலே இச்சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. மாற்ற இயலாத தலையெழுத்து என்பது ஒன்று. மனிதன் வகுத்த சட்டம் என்பது மற்றொன்று. சாலை விதியை மீறுவோம். மீறியதால் வந்த சாவைத் தலைவிதி என்போம்! மூடத்தனத்துக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா? சாலையில் நேரும் சாவுக்குக் காரணம் உண்டு. காரணம் உண்டென்றால் அதைக் களையும் வழியும் உண்டு. பகுத்துப் பார்ப்போருக்கு இதிலே ஐயம் இருக்க முடியாது.

சான்றுக்காக வெகுதூரம் போக வேண்டாம், இராயபுரத்துக்கே வாருங்கள். 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், தென்னாட்டின் முதல் இரயில் புறப்பட்டது இந்த இராயபுரத்திலிருந்துதான். இருப்புப்பாதை எப்படி நடத்தப்படுகிறது? இரயிலை ஓட்டுகிறவருக்குப் பயிற்சி உண்டு. கண் சோதனை உண்டு. வேலைநேரத்துக்கு வரம்பு உண்டு. சிக்னல் அனுமதித்தாலன்றி வண்டி நகராது. விபத்து நேர்ந்தால் விசாரணை நடக்கும். என்ன பிழை, எவர் பிழை என்று எழுதி வைப்பார்கள். அங்கேயும் பிழைகள் நேர்கின்றன, சாவும் நேர்கிறது. எனினும், “இரயிலென்றால் நாலு பேர் சாகத்தான் செய்வார்கள்” என்று எவரும் சொல்வதில்லை. இருப்புப்பாதைக்கு ஒரு நீதி, அதற்குப் பத்தடி தள்ளி ஓடும் தார்ச்சாலைக்கு வேறொரு நீதியா?

இனி, அந்த டிரைலரை ஓட்டி வருகிற தோழரைப் பார்ப்போம். விபத்து நடந்ததும் கூட்டம் முதலில் தேடுவது அவரைத்தான். கல்லெறிவதும் அவர்மீதுதான். அவர் குற்றமற்றவர் என்று நாம் வாதாட வரவில்லை. அவருடைய கடமையைப் பிறகு சொல்கிறோம். ஆனால் அந்த இருக்கைக்கு அவர் எந்த நிலையில் வந்து சேர்ந்தார் என்பதை எவரேனும் விசாரித்ததுண்டா?

துறைமுக வாயிலுக்கு முன்னே லாரிகளின் வரிசை கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடப்பதை இப்பகுதி மக்கள் எத்தனை முறை கண்டிருக்கிறார்கள்! அந்த வரிசையிலே காத்துக்கிடப்பவர் அவர். முன்வண்டி பத்தடி நகர்ந்தால் தாமும் பத்தடி நகர வேண்டும். கண்ணயர்ந்தால் பின்வண்டி ஒலி எழுப்பும். குளிக்க இடமில்லை, காலைக்கடன் கழிக்க மறைவில்லை, படுக்க நிழலில்லை. கூலியோ பல இடங்களில் நடைக்கு இவ்வளவு என்ற கணக்கு. காத்திருக்கும் நேரத்துக்குக் காசு இல்லையென்றால், வரிசையிலே இழந்ததைச் சாலையிலே விரட்டித்தானே அவர் மீட்க வேண்டும்? அவருடைய கால் ஆக்சிலரேட்டரை அழுத்துகிறது, உண்மை. அந்தக் காலைப் பிடித்து அழுத்துகிற கண்ணுக்குத் தெரியாத கை எது? நடைக்கணக்கு! அந்தக் கணக்கை எழுதியவர் சாலையில் இல்லை. குளிரூட்டிய அறையிலே இருக்கிறார்.

எட்டு மணி நேர வேலை! 1886-இல் சிகாகோ வீதிகளிலே இரத்தம் சிந்திக் கேட்கப்பட்ட உரிமை அது. 1923-ஆம் ஆண்டு மே முதல் நாளில் சிங்காரவேலர் இந்தச் சென்னைக் கடற்கரையிலே மே நாள் கூட்டம் நடத்தினார். இந்தியாவிலேயே அதுதான் முதல் மே நாள். 1961-இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கென்றே சட்டம் வந்தது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் அரைமணி ஓய்வு என்றெல்லாம் அது வரையறுத்தது. எழுத்து அழகாகத்தான் இருந்தது. ஆனால் விடிய விடிய வரிசையில் விழித்துக்கிடந்து, விடிந்த பின் வண்டியை ஓட்டுகிற ஓட்டுநரின் கண்ணிமைக்கு அந்த எழுத்து என்றைக்கேனும் எட்டியதா? உறக்கமின்றி ஓட்டுவது குடித்துவிட்டு ஓட்டுவதற்கு இளைத்ததல்ல. குடித்தவனைப் பிடிக்க ஊதுகருவி இருக்கிறது. உறங்க விடாமல் ஓட்ட வைத்தவரைப் பிடிக்க என்ன கருவி இருக்கிறது?

அரசுகளின் பொறுப்பையும் சொல்லாமல் விட முடியாது. 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னருக்கென்றே தனி முனையம் வந்தது. 2001-இல் எண்ணூரில் புதிய துறைமுகம் இயங்கத் தொடங்கிற்று. இன்று அது காமராசர் துறைமுகம். காட்டுப்பள்ளியிலும் துறைமுகம் வந்தது. கடலிலே வழி அகன்றது; கப்பல் பெருத்தது; பெட்டிகள் பெருகின. கரையிலே சாலை அதற்கேற்ப அகன்றதா? எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டதை அறியாதார் இப்பகுதியில் இல்லை. மேற்கே செல்லும் சரக்குக்குத் தனிவழியாகத் துறைமுகம்–மதுரவாயல் உயர்மட்டச் சாலைக்கு 2009-இல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-இல் வேலை நின்றது. 2022-இல் இரண்டடுக்குச் சாலையாக மீண்டும் அடிக்கல் நாட்டினார்கள். நட்டது எவர், நிறுத்தியது எவர் என்ற வழக்கைத் தேர்தல் மேடையிலே பேசிக்கொள்ளலாம். இடையே கழிந்த ஆண்டுகளில் சக்கரத்தின் கீழே போன உயிர்களுக்கு எந்தக் கட்சியின் கொடியைப் போர்த்துவது?

சுவீடன் நாட்டுப் பாராளுமன்றம் 1997-இல் ஒரு கொள்கையை ஏற்றது. மனிதன் என்றால் தவறு செய்வான். அந்தத் தவறுக்கு மரணம் தண்டனையாக இருக்கக் கூடாது. அதற்கேற்பச் சாலையையும் வண்டியையும் வேகத்தையும் அமைப்பது ஆட்சியின் கடமை என்பதே அது. சாலையிலே ஓர் உயிரும் போகக் கூடாது என்பதை இலக்காக வைத்தார்கள். இன்றும் அந்நாடு சாலைச் சாவு மிகக் குறைந்த நாடுகளுள் ஒன்று. நாமும் அதைத்தான் கேட்கிறோம். லாரிக்கென்று தனித் தடம். ஓட்டுநருக்கு நீரும் நிழலும் கழிப்பறையும் படுக்கையும் உள்ள ஓய்விடம். முன்கூட்டியே நேரம் குறித்து வாயிலில் அனுமதிக்கும் முறை. நடந்து கடப்போருக்கு விளக்கும் மேடையும். காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி. இவை சலுகைகளல்ல, உரிமைகள்.

ஆனால், தோழர்களே, உரிமை கேட்பவன் கடமையை மறப்பானேயானால் அவன் குரலுக்கு வலுவிராது. ஆதலின் ஓட்டுநர் தோழரிடமும் சிலவற்றைச் சொல்கிறோம்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் கடக்கிறது. 60 கிலோமீட்டர் வேகத்திலோ ஏறத்தாழ 17 மீட்டர். கைப்பேசி மணி ஒலித்து, அதை ஒருமுறை பார்த்துத் திரும்புவதற்குள் ஒரு வகுப்பறையின் நீளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்துவிட்டீர்கள் என்று பொருள். வேகம் 40-லிருந்து 60 ஆனால், பிரேக்கை மிதித்த பின் வண்டி நிற்கும் தூரம் ஒன்றரை மடங்கு ஆவதில்லை. இரண்டேகால் மடங்கு ஆகிறது. இது கட்சி ஓட்டெடுத்து மாற்றக்கூடிய தீர்மானமன்று, இயற்கையின் சட்டம். கன்டெய்னரின் நான்கு மூலைகளிலும் பூட்டு விழுந்ததா என்று இறங்கிப் பார்க்கச் சில நிமிடங்கள் ஆகும். பூட்டாத பெட்டி திருப்பத்திலே கவிழ்ந்தால், கீழே கிடப்பவரை மீட்கப் பாரந்தூக்கி வந்து சேர வேண்டும். கிளீனர் வேலைக்கு வந்த சிறுவனிடம் சக்கரத்தைக் கொடுப்பது அவனுக்குச் செய்யும் உதவியன்று; அவனைக் கொலைகாரனாக்கும் ஏற்பாடு. மதுவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டுமா? உடம்பு வலிக்கிறதென்றால் வண்டியை ஓரங்கட்டுங்கள். ஓரங்கட்டியதற்காக முதலாளி கூலியை வெட்டினால் சங்கத்துக்கு வாருங்கள். அதற்காகத்தானே சங்கம்!

இருசக்கர வண்டியில் செல்லும் தோழர்களும் ஒன்றை அறிய வேண்டும். டிரைலர் இடப்பக்கம் திரும்பும்போது, முன்பகுதி செல்லும் வழியில் பின்சக்கரங்கள் செல்வதில்லை. உள்வாங்கி, நடைபாதையை ஒட்டி வருகின்றன. அந்த இடைவெளியிலே முந்திப் போய்விடலாம் என்று நுழைந்தவர்கள்தாம் நசுங்குகிறார்கள். உயரத்தில் அமர்ந்த ஓட்டுநருக்கு, தம் வண்டியின் இடப்புறம் ஒட்டி நிற்பவர் தெரிவதில்லை. அவர் முகம் உங்களுக்குக் கண்ணாடியில் தெரியவில்லையென்றால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை. பின்தங்கி நில்லுங்கள், அரை நிமிடம் போகட்டும், ஆயுள் நிற்கட்டும்.

இதுகாறும் பிறரைப் பற்றிப் பேசினோம். இனி நம்மைப் பற்றிப் பேசுவோம். சொல்வது கசக்கும், ஆயினும் சொல்லாமல் விடுவது துரோகம்.

நம் ஊர்வலங்களைப் பார்த்தோமா? மோட்டார் சைக்கிள் பேரணி என்றால் வண்டிக்கு மூவர், கையிலே கொடி, தலையிலே துணிப்பட்டை, தலைக்கவசம் எங்கே? வீட்டிலே! சரக்கு ஏற்றும் வண்டியிலே ஆட்களை ஏற்றி, ஓரப்பலகையின் மீது இளைஞர்கள் நின்று முழக்கமிட, இரவு முழுவதும் விழித்த ஓட்டுநர் அவர்களை மாநாட்டுக்குக் கொண்டு செல்கிறார். சிவப்பு விளக்கு எரிந்தாலும் நிற்பதில்லை. காரின் முன்னே கட்சிக்கொடி பறக்கிறதே, நிற்கலாமா? தடுத்த காவலரிடம், “நான் யார் தெரியுமா?” என்று கேட்கிற கேள்வி வேறு! தோழரே, நீர் யாரென்று காவலருக்குத் தெரியாமற் போகலாம். எதிரே வரும் லாரியின் பம்பருக்குத் தெரியவே தெரியாது.

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் தலைக்கவசம் அணியாமல் சாலையில் மாண்டோர் 50,029 பேர். அவர்களுள் எத்தனை பேர் ஏதேனும் ஒரு கட்சியின் செயல்வீரர்களாக இருந்திருப்பார்கள்! சுவரெழுதிய கைகள், சுவரொட்டி ஒட்டிய கைகள், வாக்குச்சாவடியிலே விடியும் வரை காத்திருந்த கண்கள்! மறைந்தபின் படத்திறப்பு நடத்துகிறோம்; குடும்பத்துக்கு நிதி திரட்டுகிறோம்; கண்ணீர் விடுகிறோம். உயிரோடிருந்தபோது, “கவசத்தை மாட்டு, இல்லையேல் ஊர்வலத்தில் இடமில்லை” என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தத் தாய்க்கு மகன் இருந்திருப்பானே!

2019-ஆம் ஆண்டு செப்டம்பரில் பள்ளிக்கரணையில் நடந்ததை மறந்துவிடவில்லையே? சாலை நடுவே அரசியல்வாதி ஒருவர் இல்லத் திருமணத்துக்காகக் கட்டியிருந்த பேனர் சரிந்தது. ஸ்கூட்டரில் வந்த இளம்பெண் மீது விழுந்தது. பின்னே வந்த தண்ணீர் லாரி அவர்மீது ஏறிற்று. உயர்நீதிமன்றம் கடிந்தது. கட்சிகள் பலவும், இனிப் பேனர் வைக்க மாட்டோம் என்று அறிக்கை விட்டன. அறிக்கையின் மை உலர்ந்து ஆண்டுகள் பல ஆயின. நம் பகுதியிலே, திருப்பத்தை மறைத்துக்கொண்டு, நம் தலைவர் முகத்தோடு ஒரு பேனர் இன்று நிற்கிறதா இல்லையா? நிற்குமானால், அந்தப் புன்னகைக்குப் பின்னே வருகிற வண்டி யாருக்கும் தெரியாது என்பதை நினைத்துப் பாருங்கள். தலைவரை மதிப்பவன் அவர் படத்தைக் கொலைக்கருவியாக்க மாட்டான்.

ஆகவே, கிளைதோறும் சில பணிகளைச் செய்யும்படி வேண்டுகிறோம். ஊர்வலத்தில் வரும் ஒவ்வொரு வண்டிக்கும் இருவர், இருவருக்கும் கவசம். மீறுவோர் பொறுப்பாளராயினும் வரிசைக்கு வெளியே. மாநாட்டு வண்டிக்கு ஓய்வெடுத்த ஓட்டுநர். நெடுந்தூரமாயின் மாற்று ஓட்டுநர். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு வண்டி தரும் பெற்றோரிடம் எடுத்துச் சொல்வது. 2019-இல் திருத்திய சட்டப்படி அதற்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டென்பதையும் சொல்வது. விளக்கெரியாத சந்திப்பு, மூடாத பள்ளம், நிழற்குடையில்லாத நிறுத்தம், திருப்பத்தை மறைக்கும் பேனர் — இவற்றைப் பட்டியலிட்டு மாநகராட்சியிடமும் நெடுஞ்சாலைத் துறையிடமும் கொடுப்பது; பதில் வரும்வரை விடாதிருப்பது.

இன்னொன்றும் உண்டு. விபத்து நடந்த இடத்தில் முதலில் நிற்பவராக நம் தோழர் இருக்கட்டும். கல்லெடுப்பவராக அன்று, கைகொடுப்பவராக. அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவருக்குத் தொல்லை தரக்கூடாதென்று சட்டமே காப்பளிக்கிறது. விபத்துக்குள்ளானவருக்கு முதல் 48 மணி நேரத்தில் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தை 2021-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிற்று. ஸ்டான்லி மருத்துவமனை நம் பக்கத்திலேயே இருக்கிறது. 108-ஐ அழைக்கத் தெரியாதவர் இல்லை. அழைக்காமல் கைப்பேசியில் படம் பிடிக்கிறவர்தாம் மிகுந்துவிட்டனர். அந்தக் கூட்டத்தில் நாம் சேரலாகாது.

“சாலையைச் செப்பனிடுவது அரசின் வேலை, கூலியை ஒழுங்குபடுத்துவது முதலாளியின் வேலை, கட்சிக்காரன் தலையில் கவசம் போட்டால் கன்டெய்னர் வரிசை குறைந்துவிடுமா?” என்று கேட்கும் தோழர் இருப்பார். நியாயமான கேள்வி. குறையாது. ஆனால் நாளை அந்த வரிசையைக் குறைக்கச் சொல்லி, ஓட்டுநருக்கு எட்டு மணி நேரம் கேட்டு, துறைமுக வாயிலிலே நாம் நின்று முழங்கும்போது, “முதலில் நீங்கள் விதிப்படி வந்தீர்களா?” என்று எதிரி கேட்க வாய்ப்பில்லாமற் போகும். ஒழுங்கில்லாத படை கோட்டையைப் பிடித்ததில்லை.

எண்ணூரிலே லாரிக்குச் சட்டம் இணைத்த கை, திருவொற்றியூரிலே சக்கரத்துக்கு டயர் வார்த்த கை, துறைமுகத்திலே பெட்டி இறக்கிய கை — இந்தக் கைகள் மாலையிலே வீடு திரும்ப வேண்டும். குழந்தையின் தலையைத் தடவ வேண்டும். அதற்கு மேலான அரசியல் ஒன்று உண்டா? அடுத்த ஞாயிறு உங்கள் கிளையின் கூட்டத்துக்கு வண்டியிலே வாருங்கள், தோழர்களே. தலையிலே கவசத்தோடு, நிதானமாக, விளக்குக்கு நின்று வாருங்கள். கூட்டம் ஐந்து நிமிடம் தாமதமாகத் தொடங்கட்டும். நமக்கு வேண்டியது நேரத்துக்குத் தொடங்கும் இரங்கற் கூட்டமன்று.